பிரசைக்கு ஒரு பரீட்சை



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, பிள்ளைகளைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலர். அவர்களுக்கு அங்கிருந்து வரும் செய்திகளிற் சில ஆண்டுகளாகப் பரீட்சையொன்றைப் பற்றிய பேச்சும் இடம்பெறுகின்றது. அது பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையன்று. குடும்பத் தலைவரும் தலைவியும், தொழிலும் சமையலும் முடிந்த பின்னர், இரவில் விழித்திருந்து படித்து எழுதும் பரீட்சை. ஒரு நாட்டில் நிலையாக வாழவோ, அதன் பிரசையாகவோ விரும்புபவர் அந்நாட்டைப் பற்றி எவ்வளவு அறிவார் என அளப்பது அதன் நோக்கம்.

சில நாடுகளின் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். ஐக்கிய இராச்சியம் 2005ஆம் ஆண்டிலே பிரசாவுரிமை கோருவோருக்கும், 2007ஆம் ஆண்டிலே நிரந்தரமாகக் குடியிருக்க விரும்புவோருக்கும் இதனை விதித்தது. அங்கே 45 நிமிடத்தில் 24 வினாக்கள். அவற்றுள் 18க்கேனும் சரியான விடை வேண்டும். தவறினால் மீண்டும் கட்டணஞ் செலுத்தி எழுதலாம். கனடாவிலே 20 வினாக்களுள் 15 சரியாதல் வேண்டும். 18 முதல் 54 வரை வயதுடையோரே எழுதவேண்டும். ஜேர்மனியில் 2008 முதல் நடைபெறும் பரீட்சையில் 33 வினாக்களுக்கு 17 சரியானாற் சித்தி. ஒருவர் படிக்கவேண்டிய 310 வினாக்களும் அங்கே முன்னரே வெளியிடப்பட்டுள்ளன.

இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவி ஒருத்தி, "ஐயா, எட்டாம் ஹென்றி மன்னனுக்கு மனைவியர் அறுவர் என்பதை அறியாவிட்டால் நான் நல்ல பிரசையாக மாட்டேனா?" என்று எனக்கு எழுதிக் கேட்டாள். கேள்வி நியாயமானதே. மன்னனின் மனைவியரை எண்ணத் தெரிந்தவர் வரியை ஏய்க்கலாம். எண்ணத் தெரியாதவர் அயல்வீட்டு மூதாட்டியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். பரீட்சை அறிவை அளக்கும், ஒழுக்கத்தை அளக்காது. ஆயினும் அவளுக்கு நான் அளித்த விடை, "படித்து எழுது, அம்மா" என்பதே. அதற்குரிய காரணம் நமது நாட்டின் வரலாற்றில் இருக்கின்றது.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் எவரிடமும் வரலாற்று வினா வினவவில்லை. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவுமாறு கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் அவருள் ஒரு சிறு பகுதியினரே.

பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை, நமது துறைமுகத்திலே இந்தியாவிலிருந்து வந்தோரும் உழைத்தனர். அத்தகைய தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். எந்த இறங்குதுறையில் எவ்வளவு ஆழம் என்பதை அவர் அறிவார். கோணேசர் மலையை நோக்கிக் காற்றின் போக்கை உரைப்பார். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதை நேரிற் கண்டிருப்பார். இவற்றுள் ஒன்றையேனும் சட்டம் அவரிடம் கேட்கவில்லை. அது கேட்டது கடதாசியை. கடதாசி அவரிடம் இல்லை.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி, இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். நாடற்றோராக எஞ்சியவர்களின் நிலை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களினாலேயே தீர்ந்தது. ஒரு தலைமுறை பிறந்து, உழைத்து, மடிந்த காலம் அது.

ஆகவே இரு வாயில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டன் பிறந்த பதிவு இல்லையெனில், எவ்வளவு முயன்றாலும் அதனை உண்டாக்க முடியாது. அறியாத பாடத்தையோ அடுத்த மாதம் கற்றுக்கொள்ளலாம். படித்துத் திறக்கக்கூடிய கதவு, பூட்டிய கதவிலும் மேலானது. எழுத்தறிவு குறைந்த தாய்க்கு அக்கதவும் கனமானதே என்பதை நான் மறுக்கவில்லை. அங்கேதான் பிள்ளைகளின் கடமை தொடங்குகின்றது. தாயின் அருகிலமர்ந்து நாளுக்கு ஐந்து வினாக்களை வாசித்து விளக்கும் பிள்ளை, தானும் அந்நாட்டை அறிந்துகொள்ளும்.

இனி, பிறப்பாலேயே பிரசைகளாகிய நம்மை எவரும் பரீட்சிப்பதில்லை. நாமே நம்மைப் பரீட்சித்தால் என்ன? நமது அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை அரச செயலினால் மீறப்பட்டால், எங்கே முறையிடவேண்டும்? உயர் நீதிமன்றத்தில். எவ்வளவு காலத்துக்குள்? ஒரு மாதத்துக்குள். இதனை அறியாதவர் உரிமை இருந்தும் அதனைப் பயன்படுத்த இயலாதவராகின்றார். இப்பரீட்சையிலே தவறுபவரை எவரும் நாட்டினின்று அனுப்பிவிட மாட்டார். ஆனால் இழப்பு அவருடையதே.

பிற நாட்டிலே நம் உறவினர் இரவில் விழித்துக் கற்கும் பாடத்தை, நாம் பகலிலே நம் பாடசாலைகளிற் கருத்தோடு கற்பிப்போம். கடதாசியின்றி நின்ற அத்தொழிலாளரின் வரலாற்றையும் அப்பாடத்திற் சேர்ப்போம்.