தொழில்முனைவோருக்குச் சாதி இல்லையா?

(பாளையங்கோட்டையில் நடந்த மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சுயதொழிலும் வேலைத் தேர்வும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதே தலைப்பில் நம் பக்கத்துக் கல்லூரிகளில் அடிக்கடி கூட்டம் நடக்கிறது. 'வேலை தேடாதே, வேலை கொடு' என்று பேனர் கட்டியிருப்பார்கள். பேச வருகிறவர் ஸ்டீவ் ஜாப்ஸில் ஆரம்பிப்பார். 'பணம் முக்கியமில்லை, மனம்தான் மூலதனம்' என்று முடிப்பார். அதற்குள் ஒரு முறையாவது அரசு வேலைக்குப் படிப்பவர்களைக் கிண்டல் செய்திருப்பார். பிள்ளைகளும் கைதட்டுவார்கள். நானும் பலமுறை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறைகூட அந்த மேடையில் 'சாதி' என்ற சொல்லைக் கேட்டதில்லை.

சுயதொழில் தொடங்கிய ஒருவரின் கதையை நான் சொல்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பினார். பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. நிறுவனம் மூடப்பட்டது. அவர் அண்ணல் அம்பேத்கர். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஒரே பானையில் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பது வேறு கதை. அந்த மனிதரிடம் மனம் என்கிற மூலதனம் இல்லாமலா போயிற்று?

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று நினைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பட்டதாரி. தாமிரபரணிக் கரை முழுக்க வாழை நிற்கிறதே, நேந்திரங்காய் சிப்ஸ் போடலாம் என்று இறங்கினான். மெயின் ரோட்டில் ஒரு கடை காலியாக இருந்தது. முன்பணம் பேசி முடிந்த பிறகு கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டாராம்.

"தம்பி, உங்க வீடு ஊர்ல எந்தப் பக்கம்?"

"கீழத்தெரு, அண்ணாச்சி."

"அப்படியா... பெறவு சொல்லுதேன்."

அந்த 'பெறவு' இன்னும் வரவில்லை. வட இந்தியாவில் பெயருக்குப் பின்னால் இருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். நாம் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டோம், பெரியாருக்கு நன்றி. ஆனால் இங்கே தெருவைக் கேட்டால் போதும். இப்போது அவன் தன் வீட்டுக் கொல்லையிலேயே சிப்ஸ் போட்டு, பொட்டலம் கட்டி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறான். பொட்டலத்தில் சாதி தெரியாது, கல்லாவில் உட்கார்ந்தால் தெரியும். உள்ளூரில் அவனுக்கு வியாபாரம் கிடையாது. இதற்கு எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரிடம் மருந்து இருக்கிறது?

இது ஒருவனின் கெட்ட நேரம் இல்லை. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். மக்கள்தொகையில் 16.4 விழுக்காடு இருந்த பட்டியல் சாதியினர் வசம் இருந்த தொழில்கள் 9.8 விழுக்காடுதான்.

நம் பக்கத்திலேயே இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடப்படாத நாடார் சமூகம் வணிகத்தில் எப்படி எழுந்தது? தனி ஆளாக 'ஸ்டார்ட் அப்' தொடங்கி அல்ல. பேட்டை கட்டினார்கள், உறவின்முறை வைத்தார்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது, அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் சொந்தக் கையால் எழுந்த வரலாறு அது, அதன் பின்பக்கத்தில் சாதிச் சங்கம் இறுகிய கதையும் உண்டு என்றாலும். நான் சொல்ல வருவது, தொழில் என்பது கடன் கொடுக்க ஆள், சரக்கு கொடுக்க ஆள், நட்டம் வந்தால் தாங்க ஆள் என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கும்போது நடக்கிற காரியம். அந்தச் சமூகத்திடம் விற்பதற்குக் கருப்பட்டியாவது இருந்தது. வயலில் கூலிக்கு நின்றவர்களிடம் விற்பதற்கு உடம்பைத் தவிர என்ன இருந்தது? 1892 ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் பட்டாவில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் இன்று வங்கி மேலாளர் கேட்கிற பிணை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மலைமேல் மாஞ்சோலையையும் பாருங்கள். 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன காடு. கூலி உயர்வு கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் ஆற்றில் விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டியது. தலைமுறை தலைமுறையாக லயன் வீட்டில் இருந்தவர்களுக்குக் கீழே ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவரிடம் போய் 'ரிஸ்க் எடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுயதொழில் என்ற சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. என் அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டுத் திண்ணையில், சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தன் நேரத்துக்குச் செய்கிற வேலை. பார்த்தால் சுயதொழில் மாதிரிதான் இருக்கும். ஆனால் இலையும் தூளும் கம்பெனியுடையது. விலை கம்பெனி வைத்தது. சுற்றியதில் எதைக் கழிப்பது என்பதும் கம்பெனிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் முடிவு. இன்று பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பட்டதாரித் தம்பிகளுக்குப் 'பார்ட்னர்' என்று பெயர். என் அம்மாவுக்கு யாரும் அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வகை சுயதொழில் டெல்லியிலிருந்து வந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம். 18 தொழில்கள், குடும்பத் தொழிலாகச் செய்து வருபவர்களுக்கு. குறைந்தபட்ச வயது 18. அதாவது சவரத் தொழிலாளியின் மகன் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற அதே வயதில், கத்தரிக்கோலுக்குக் கடன் தருகிறேன் என்று அரசு வந்து நிற்கும். 1953இல் ராஜாஜி பாதிநேரம் பள்ளி, பாதிநேரம் அப்பன் தொழில் என்றார். அடுத்த ஆண்டே காமராசர் அதைத் தூக்கி எறிந்தார். தமிழ்நாடு அரசு விஸ்வகர்மாவை ஏற்க மறுத்து, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் குலத்தொழில் நிபந்தனை இல்லை, குறைந்தபட்ச வயது 35. அந்த 18க்கும் 35க்கும் இடையில்தான் ஒரு பிள்ளையின் மொத்தப் படிப்பும் இருக்கிறது.

அப்படியானால் தொழிலே தொடங்க வேண்டாமா? தொடங்குங்கள். எப்படி என்பதுதான் பேச்சு. அரசு வேலைக்குப் படிப்பவர்களைக் கிண்டல் செய்யும் பேச்சை முதலில் நிறுத்துவோம். நம் வீடுகளில் மாதச் சம்பளம்தான் முதல் மூலதனம். அக்கா குரூப் 4இல் தேறி மாதம் ஒரு தொகை வீட்டுக்கு வந்தால்தான், தம்பி இரண்டு வருடம் நட்டத்தைத் தாங்கிக் கடை நடத்த முடியும். இட ஒதுக்கீடும் தொழில்முனைவும் எதிரெதிர் என்பது அவர்கள் கட்டிய கதை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்பதை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கு என்றால் அது அறிவுரை இல்லை, வாயை அடைப்பது.

அடுத்தது, நமக்கு உரியதைத் தெரிந்துகொள்வது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வட்டியில் 6 விழுக்காடு மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியம் அரசு தரும், கடனை வங்கிதான் தர வேண்டும். கதவு அடைபடுவது அங்கேதான். குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பலர் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள்.

2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியாவைத் தொடங்கும்போது, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றார்கள். உங்கள் ஊர் அரசு வங்கிக் கிளை எத்தனை பேருக்குக் கொடுத்தது? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இங்கே இருப்பவர்கள் ஆளுக்கொரு கிளையைப் பிரித்துக்கொண்டால் இந்த மாவட்டத்தின் கணக்கு நம் கையில் இருக்கும். என் ஆய்வைவிட அது பயனுள்ளதாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சந்தை பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. நம்மைச் சுற்றிக் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், தூத்துக்குடித் துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. சிப்ஸ் போடுகிற தம்பியிடம் இதைச் சொன்னேன். கேன்டீனுக்கு விலைப்புள்ளி எப்படிக் கொடுப்பது என்று கேட்டான். ஒரு பல்கலைக்கழகம் சொல்லித் தர வேண்டியது இதைத்தான். ஒப்பந்தப்புள்ளி நிரப்புவது, ஜிஎஸ்டி கணக்கு, திட்ட அறிக்கை எழுதுவது. 2022இல் வந்த நான் முதல்வன் திட்டம் எத்தனையோ பயிற்சிகளைக் கல்லூரிக்குள் கொண்டு வந்திருக்கிறது, வரவேற்கிறேன். அதில் ஒரு பத்து மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம்.

நல்ல வேலை, நல்ல சம்பளம் வந்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நம்மிலும் உண்டு. 2025 ஜூலை 27 அன்று இதே பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டவர் மென்பொருள் பொறியாளர். பெயர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பும் சம்பளமும் தேவை. அவற்றோடு அமைப்பும் தேவை. மகமை பிரித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. நாம் பிரிக்க வேண்டிய மகமை ஒரு சாதிக்குள் நிற்காமல், கீழத்தெருக்காரனும் பீடி சுற்றுகிறவள் மகளும் மாஞ்சோலைப் பிள்ளையும் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவாக இருக்க முடியுமா என்பதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம். எனக்கும் முழுத் தெளிவு இல்லை.

விண்ணப்பப் படிவங்களை நகல் எடுத்து வந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு உட்காருவோம். உத்யம் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் ஆதாரும் பான் எண்ணும் வைத்திருந்தால் போதும். அது இலவசம், எங்கேயாவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.