'எனக்கு வேணும்' என்று தொடங்கிய ஜெபம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலாக்கா பட்டணத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடமேற்கே போனால் சுங்கை ஊடாங் வரும். ஒரு பக்கம் 1994-இல் இயங்கத் தொடங்கிய பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இன்னொரு பக்கம் தெரெண்டாக் இராணுவ முகாம். சுற்றிலும் தாமான் வீடுகள். ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இப்படிப்பட்ட தாமான்களில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு.

அந்த வீடுகளில் ஒன்றுக்குள் எட்டிப் பார்ப்போம். பாட்டி தமிழில் ஜெபம் சொல்கிறார். பேத்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறாள். அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்டு, மறுவாரம் இரவு ஷிஃப்டு. அம்மா வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைப்பதற்கே ஏழு மணி ஆகிவிடுகிறது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

கடவுளோடு நாள்தோறும் நெருங்கி வாழ்வது எப்படி என்பதுதான் இன்றைய தலைப்பு. கிறிஸ்தவரல்லாத நேயர்களுக்கும் இது அந்நியமான பேச்சாக இருக்காது. அந்தி விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லாமல் போகிற கவலை எல்லாச் சமயத்து வீட்டிலும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டாம். சுங்கை ஊடாங்கிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம் பயணம் செய்தால் மலாக்கா செயின்ட் பால் குன்று. கூரையில்லாத அந்தப் பழைய தேவாலயத்துக்குள் கம்பி வலை போட்ட வெறுங்குழி ஒன்று இருக்கிறது. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல், 1553-இல் சில மாதங்கள் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். சுற்றுலாப் பயணிகள் குழியைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலாக்காவுக்கு வருவதற்கு முன்பே அந்த மனிதர் தமிழில் ஜெபம் சொல்லப் பழகியிருந்தார் என்பது நம்மில் பலருக்கே தெரியாது.

1542 மே மாதம் சவேரியார் கோவாவில் வந்து இறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குப் போனார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களைக் கொண்ட கடற்கரை அது. அங்கிருந்த பரதவர் மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால், எதை விசுவாசிக்கிறீர்கள் என்று கேட்டால், 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. போர்த்துகீசிய மொழி அவர்களுக்குப் புரியவில்லை. தமிழில் சொல்லித் தர ஆளில்லை. இதைச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். சுங்கை ஊடாங் வீட்டுப் பேத்தியிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? 'நாங்க கிறிஸ்டியன்.' அதற்குப் பிறகு? பாட்டி சொல்லும் தமிழ் ஜெபத்தை அவளும் மனப்பாடமாக ஒப்பிப்பாள். பொருள் கேட்டால் விழிப்பாள். ஏறக்குறைய 480 ஆண்டு கழித்து அதே இடத்தில் வந்து நிற்கிறோம். மொழிதான் இடம் மாறியிருக்கிறது.

சவேரியார் என்ன செய்தார்? அவருக்குத் தமிழ் வராது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைப் பல நாள் உழைத்துத் தமிழாக்கினார். பிறகு சின்னப் பையன் வாய்ப்பாடு படிப்பதுபோல் மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். நாளுக்கு இரண்டு தடவை பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். இப்படி ஒரு மாதம் நடந்தது. படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். நோயாளிகளின் வீடுகளுக்கும் அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார்.

ஜெபம் பிள்ளைகள் வழியாகத்தான் வீட்டுக்குள் போனது. இன்றைய வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளை ஜெபத்துக்கு இழுத்து உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் கைத்தொலைபேசியோடு நழுவிவிடுகிறார்கள். பேத்தியைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லாமல், சொல்லிக் கொடுக்கச் சொன்னால் என்ன? 'இன்றைக்கு நீதான் ஜெபம் நடத்தவேண்டும் கண்ணு' என்று பாட்டி சொல்லிப் பார்க்கட்டும். மலாய் கலந்த தமிழில் வந்தாலும் பரவாயில்லை.

இனி, இந்த உரையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு தவறு இருந்தது. 1544-இல் சவேரியார் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அதைத் திருத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'நான் விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மக்கள் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! மொழிபெயர்க்க உதவியவர்களுக்கு அந்தச் சொல்தான் கிடைத்திருக்கிறது. 'வேணும்' என்றால் ஆசைப்படுவது. அந்த இடத்தில் 'விசுவாசம்' என்ற சொல்லை வையுங்கள் என்று சவேரியார் எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொரு சொல்லையும் மாற்றச் சொல்கிறார். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் பலவந்தம் என்ற பொருள் தரும் சொல் விழுந்திருந்தது. அவர் மனமுவந்து பாடுபட்டார், கட்டாயத்தினால் அல்ல என்பது சவேரியாரின் விளக்கம்.

தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு வெளிநாட்டார், மக்கள் தினமும் சொல்லும் ஜெபத்தில் இரண்டு சொல்லுக்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார். தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள், தாங்கள் தினமும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்களா?

'எனக்கு வேணும்' என்ற அந்தத் தவறு கடற்கரையோடு போய்விடவில்லை. பல வீடுகளில் அன்றாட ஜெபம் இன்றும் அதே சொல்லில்தான் நிற்கிறது. எஸ்பிஎம் தேர்வில் 'ஏ' வேணும், கார் கடன் கிடைக்கணும், வீட்டுக்காரருக்குச் சம்பளம் கூடணும், கால் வலி போகணும். கேட்பதில் குற்றமில்லை. அன்றாட உணவைக் கேட்க இயேசுவே கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத உறவு எத்தனை நாள் தாங்கும்? மாதக் கடைசியில் பணம் கேட்க மட்டும் வீட்டுக்கு வரும் மகனை எண்ணிப் பாருங்கள்.

சவேரியார் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடத்திய முறையை 1544 ஜனவரியில் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, ஆம் என்பார்கள். கட்டளைகளுக்கு வரும்போது, ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு, அதைக் கடைப்பிடிக்கும் அருளைத் தரும்படி எல்லாரும் சேர்ந்து மன்றாடுவார்கள். 'வேணும்' என்ற சொல் இங்கே திரும்பி வந்துவிட்டது. கேட்கிற பொருள்தான் மாறியிருக்கிறது. களவு செய்யாதிருக்கும் மனம் வேணும், தாய் தகப்பனை மதிக்கும் மனம் வேணும்.

இது வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிதான். ஒரு நாளைக்கு ஒரு கட்டளை. இரண்டே நிமிடம். பத்து நாளில் ஒரு சுற்று முடியும். பொய்ச் சாட்சி சொல்லாதே என்கிற கட்டளை வரும் நாளில், புலனக் குழுவில் விசாரிக்காமல் அனுப்பிவைத்த செய்தி ஒன்று நினைவுக்கு வந்து குத்தினால், அன்றைய ஜெபம் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இரவில் செய்யும் ஆத்தும சோதனையும் சவேரியாரின் குருவான புனித இஞ்ஞாசியார் வகுத்ததுதான். அன்றைய நன்மைகளுக்கு நன்றி, தன் குறைகளைக் காண வெளிச்சம் கேட்டல், எழுந்தது முதல் அந்த நேரம் வரை ஒவ்வொரு மணி நேரமாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்குத் திருந்தத் தீர்மானம். கடைசியில் பரலோக மந்திரம். நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். குறையிலிருந்து தொடங்குகிறவருக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

வேதவாசிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சீர்திருத்த சபையார் படிக்கும் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினமும் மூன்று அதிகாரம், ஞாயிறுகளில் ஐந்து என்று படித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 புத்தகங்கள். இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால், ஜனவரியில் ஆவேசமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரம். தினம் ஒன்று என்றால் மூன்று மாதம் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது.

எல்லாம் சரி, நேரம்? ஷிஃப்டு வேலைக்காரருக்கு ஏது காலை, ஏது மாலை?

தோட்டத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே நேரம். இருட்டோடு பெரட்டு, வெயில் ஏறுவதற்குள் பால்வெட்டு, மாலையில் எல்லாரும் லயத்தில். சாமியார் எப்போதோ ஒரு முறைதான் வருவார்; மற்ற நாட்களில் உபதேசியாரோ, வீட்டுப் பெரியவரோ ஜெபத்தை நடத்துவார்கள். கத்தோலிக்கரின் மூவேளை ஜெபம் காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணியை நம்பி எழுந்தது. தாமானில் அந்த மணி கேட்காது. கேட்டாலும் அப்பா தூக்கத்தில் இருப்பார்.

கடிகாரத்தோடு ஜெபத்தைக் கட்டினால் ஷிஃப்டு மாறும்போது அறுந்துவிடும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டினால் நிற்கும். வேலைக்குக் கிளம்ப மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் மாட்டும்போது ஒரு பரலோக மந்திரம். அப்பா எந்த நேரத்தில் கிளம்பினாலும் வாசலில் இருப்பவர் அவர் தலையில் கைவைத்து ஓர் ஆசீர்வாதம். தனியாக ஜெபிக்க இயேசு விடியுமுன் எழுந்து ஒதுக்கமான இடத்துக்குப் போனார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். இரவு ஷிஃப்டு முடிந்து ஐந்தரை மணிக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கு அந்த விடியற்காலை தானாகவே கிடைக்கிறது. குடும்ப ஜெபத்தைத் தினமும் வைக்க முடியாவிட்டால், நால்வரும் வீட்டில் இருக்கும் இரண்டு நாளைக் குறித்துக்கொண்டு, அதை விடாமல் செய்யலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். பெரியவர்கள் சிலர் ஜெபத்தின் நடுவே மருமகளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொழி விஷயத்தில் ஒரு வார்த்தை. 1545-இல் மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்த சவேரியார், இங்கேயும் அதே வேலையைத்தான் செய்தார். மக்காசாருக்குப் போக எண்ணி, அதே ஜெபங்களை மலாய்மொழியில் பெயர்க்க உட்கார்ந்தார். அவருக்குப் பின் தமிழை முறையாகக் கற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கும் நூல்களில் அதுவே மிகப் பழையது. சாமானிய மக்கள் அன்றாடம் சொல்லவேண்டிய ஜெபமும் உபதேசமும்தான் அதில் இருந்தன.

ஆகவே, பேத்தி மலாயில் ஜெபித்தால் பாட்டி மனம் நோகவேண்டியதில்லை. அதேநேரம் தமிழ் ஜெபத்தையும் விட்டுவிடவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். பாட்டி அந்த வரியைத் தமிழில் சொல்லட்டும். பேத்தி தனக்குத் தெரிந்த மொழியில் அதன் பொருளைச் சொல்லட்டும். தவறாகச் சொன்னால் பாட்டி திருத்தலாம். சில இடங்களில் பாட்டிக்கே பொருள் தெரியாமல் போகும். அப்போது இருவரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரையோ போதகரையோ கேட்டு வரலாம்.