இரவு வானமும் எங்கள் மலைகளும்



ஒரு புகைப்படம் எடுக்கப்பெற்ற நாளையும் மணியையும் அப்படமே சொல்லக்கூடுமா? சொல்லும், அதில் நிலத்தோடு வானமும் சேர்ந்து விழுந்திருக்குமானால் தவறாமற் சொல்லும்.

ஆன்செல் ஆடம்சு என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1941 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் எர்னாண்டசு என்னும் சிற்றூர் வழியே காரில் சென்றுகொண்டிருந்தார். தொலைவில் பனி மூடிய மலைகள், அவற்றின்மேல் நிலா, அருகே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மீது மாலை வெயிலின் கடைசி ஒளி. காரை நிறுத்திக் காமிராவைப் பொருத்தினார். ஒளியை அளக்கும் கருவியோ அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு இவ்வளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக் கொண்டு மனக்கணக்காகவே ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரத்தை வகுத்துப் படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்கு ஆயத்தம் செய்வதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் போய்விட்டது. உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தின் தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. ஆகவே அதற்கு வெவ்வேறு ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தன. பல்லாண்டுகள் கழித்து வானியல் கற்றவர்கள், மலைக்கு மேல் நிலா நின்ற இடத்தை அளந்து கணக்கிட்டார்கள். முதற் கணக்கைத் திருத்திய இரண்டாம் கணக்கின்படி, அது 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். கலைஞர் மறந்ததை வானம் நினைவில் வைத்திருந்தது!

இயற்கை நிலக்காட்சியின் மேல் இரவு வானத்தைப் படம் பிடிக்கும் கலையைப் பற்றி இன்று பேச வந்தேன். இதை வெறும் அழகுக் கலை என்று எண்ணுவோர் பலர். நான் இதனைச் சாட்சியம் என்று கொள்கிறேன். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலில் தொழிலைப் பார்ப்போம்.

விண்மீன் ஒளி மிக மெலிந்தது. பகற் படத்திற்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கே போதும். விண்மீனுக்கோ பல நொடிகள் வேண்டும். அத்தனை நேரம் கையில் பிடித்தால் காமிரா ஆடும். ஆகவே முக்காலி இன்றியமையாதது. ஆனால் முக்காலி அசையாதிருந்தாலும் அதைத் தாங்கும் பூமி சும்மா இருப்பதில்லை. நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் அது சுழலுகிறது. எனவே ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் கோடாகிவிடும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 500 என்னும் எண்ணை லென்சின் குவியத் தொலைவால் வகுத்தால் வரும் ஈவே ஏறத்தாழ எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்பதைக் காட்டும். 24 மில்லிமீட்டர் லென்சுக்கு 20 நொடி. 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 10 நொடி. அந்த 20 நொடியில் விண்மீன் நகர்வது நிலாத் தட்டின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கேயாதலால் கண்ணுக்குக் கோடாகத் தெரிவதில்லை. லென்சின் துவாரத்தை முழுதும் திறந்து, ஒளியுணர்வு எண்ணை 1600 அல்லது 3200 என வைத்து, ஒளி மிக்க விண்மீன் ஒன்றைப் பார்த்துக் கூர்மை செய்துகொள்ள வேண்டும். நம் கண்களுக்கும் இருளிற் பழக அரைமணி நேரம் ஆகும். அதன்பின் கைவிளக்குத் தேவைப்பட்டால் அதற்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள். சிவப்பொளி கண்ணின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

கோடாக விழுவதையே விரும்பி எடுப்பவரும் உளர். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒவ்வொரு விண்மீனும் 15 பாகை வில்லை வரையும். இங்கேதான் ஊரின் இடம் தன்னைக் காட்டிக்கொள்ளுகிறது. எங்கள் வெண்ணந்தூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆகையால் துருவ விண்மீன் வடக்கே தொடுவானத்திலிருந்து அதே பதினொன்றரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் மறைவது 10 பாகை. அதற்குச் சற்று மேலே பாருங்கள், அங்கே இருக்கும். இலண்டன் நகரத்தான் எடுக்கும் படத்தில் விண்மீன் வட்டங்கள் வானத்தின் நடுவிலே முழு வளையங்களாகச் சுழலும். நம் படத்திலோ பெரும்பாலானவை சேர்வராயன் மலைக்குப் பின்னே பாதி புதைந்த வளையங்களாக இருக்கும். கிழக்கே போதமலையை நோக்கிக் காமிராவைத் திருப்பினால் விண்மீன்கள் மலைமுகட்டிலிருந்து ஏறக்குறைய நேர் மேலே எழும்பும் கோடுகளாகக் காணும். அத்தகைய எழுச்சி வடநாடுகளில் இல்லை. அங்கே எல்லாம் சாய்ந்தே ஏறும்.

தெற்கு வானமும் நமக்கு ஒரு கொடை. தை, மாசி மாதங்களின் முன்னிரவில் அகத்திய விண்மீன் 26 பாகை உயரத்தில் ஒளிரும். இலண்டனில் அது என்றுமே உதிப்பதில்லை. சித்திரை, வைகாசியில் திரிசங்கு என வழங்கும் தென்சிலுவை 18 பாகை உயரத்தில், பனைமரங்களின் தலைக்கு மேலே நிற்கக் காணலாம். பால்வழியின் செறிந்த நடுப்பகுதி, நம் முன்னோர் மூலம் என்று பெயரிட்ட விண்மீனுக்கு அருகே உள்ளது. சித்திரை அமாவாசையை ஒட்டிய நாட்களில் இரவு 2 மணி முதல் 4 மணி வரை தென்கிழக்கிலும் தெற்கிலும் அது உயர்ந்திருக்கும். அப்போது பால்வழி கிழக்கு வானில் நீண்ட வில்லாக வளைந்து தோன்றும். பால்வழிக்கு ஆகாய கங்கை என்றும் பெயர். கொல்லிமலையின் அருவிக்கும் அதே பெயர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் பெரும்பாலும் இடந்தராது. தை முதல் சித்திரை வரையே இக்கலைக்கு ஏற்ற பருவம்.

இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840 இல் நியூயார்க்கில் சான் வில்லியம் டிரேப்பர் நிலாவைப் படம் பிடித்தார். 1850 இல் ஆர்வர்டு வானாய்வு நிலையத்தில் அபிசித்து விண்மீனின் உருவம் தகட்டில் விழுந்தது. 1880 இல் டிரேப்பரின் மகன் என்றி, 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து மிருகவேடன் மண்டலத்து ஒண்முகிலைப் பிடித்தார். நம் நாட்டிற்கு வந்தால், 1910 இல் ஆலி வால்விண்மீன் தோன்றியபோது கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் எவர்செட் என்பார் அதைப் படமெடுத்தார். அந்நிலையத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.

எல்லாவற்றினும் நமக்கு நெருங்கியது சவ்வாது மலையின் காவலூர். 1960களில் வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர், இருண்ட வானத்தையும் தென்திசை விண்மீன்களையும் ஒருங்கே காணத்தக்க இடத்தைத் தேடி, வாணியம்பாடிக்கு அருகிலுள்ள இவ்வூரைத் தேர்ந்தார். 1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கிற்று. 1986 இல் இரண்டே கால் மீட்டருக்கும் மேற்பட்ட பெருந்தொலைநோக்கி அமைந்தது. 1988 இல் இராசமோகன் என்னும் ஆய்வாளர் அங்கிருந்து சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். சிறுகோளைக் காண்பது எப்படி? வானத்தின் ஒரே பகுதியை நேரம் விட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால், மற்ற புள்ளிகள் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும். அது கோள். அதற்கு நம் கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. சாட்சியம் என்று நான் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

ஆனால் சாட்சி பொய் சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டது. இந்நாளில் கணினியின் துணையால் ஓர் ஊர் மலையையும் வேறோர் ஊர் வானத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் பல படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று சேர்த்து இரைச்சலைக் குறைப்பது முறையான செயலே, அறிவியலாரும் செய்வது. நிலத்திற்கு நேரம் மிகுத்தும் வானத்திற்கு நேரம் குறைத்தும் எடுத்து இணைப்பதையும், அவ்வாறு செய்தேன் என்று எழுதிவிட்டால், நான் குறை கூறேன். வானத்தையே மாற்றுவது வேறு. சேர்வராயன் மலையின் படம் என்று சொல்லி, விண்மீன் வளையங்களின் நடுப்புள்ளி வானத்தில் 45 பாகை உயரத்தில் நிற்குமானால், அந்த வானம் நம்முடையது அன்று. மூல விண்மீன் வடக்கே மலைமேல் நின்றால் அதுவும் பொய்யே. பள்ளி மாணவன் ஒருவன் கோணமானியை வைத்து அளந்தே இதைக் காட்டிவிடலாம்.

இன்னொரு கவலை இதனினும் பெரிது. எங்கள் ஊரில் தறிப்பட்டறைகளுக்கும் தெருக்களுக்கும் விளக்கு வேண்டும். அதை மறுப்பார் யார்? ஆயினும் வடக்கே நெடுநேரம் திறந்த படத்தில் சேலம் மாநகரத்தின் ஒளி, தொடுவானத்தில் வெளிறிய புகைபோல் எழுந்து, தாழ நிற்கும் துருவ விண்மீனை நோக்கி ஏறுகிறது. 2016 இல் வெளிவந்த உலக வான ஒளிப் படத்தின்படி, மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாது. 2011 முதல் 2022 வரை பலநாட்டு மக்கள் வெறுங்கண்ணால் எண்ணித் தந்த கணக்குகளை ஆராய்ந்தவர்கள், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு பெருகுகிறது என்றார்கள். இவ்வீதத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன் தெரிந்த இடத்தில், அதற்குப் பதினெட்டு வயது ஆகும்போது நூறே தெரியும்.

மாற்றும் வழி அரிதன்று. விளக்கிற்கு மேலே மூடியிட்டு ஒளியைத் தரைக்கு அனுப்பினால் தெருவும் தெளிவாகும், வானமும் தப்பும், மின்சாரமும் மீதி. லடாக்கில் ஆன்லே என்னுமிடத்தில் 2022 முதல் இருள்வான் காப்பகம் அமைந்து, சிற்றூர் மக்களே விளக்குகளை அடக்கி வாழ்கிறார்கள். 2024 மே மாதத்தில் சூரியப் புயலால் எழுந்த செந்நிறத் துருவ ஒளியை அங்கிருந்து படம் பிடிக்க முடிந்தது. மராட்டிய மாநிலத்துப் பெஞ்சுப் புலிகள் காப்பகமும் 2024 இல் இருள்வான் பூங்கா என்னும் ஏற்பைப் பெற்றது.

நம் பகுதி மாணவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விலையுயர்ந்த காமிரா வேண்டா. இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் இரவுப் படத்திற்கு வசதி இருக்கிறது. பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு, ஊர்ப்புறத்தில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாம்பு உண்டாகையால் காலணியும் கோலும் கட்டாயம். காப்புக்காட்டிற்குள் செல்வதாயின் வனத்துறையின் இசைவு பெற வேண்டும். தை, மாசி, பங்குனி அமாவாசைகளில் அதே இடத்தில், அதே திசையில், அதே நொடிக்கணக்கில் ஒரு படம் எடுங்கள். நாள், மணி, திசை, திறந்த நேரம் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிந்தன என்பதையும் எண்ணி எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அவ்விடத்திற்கே செல்லுங்கள். நீங்கள் மேற்படிப்பிற்காக ஊரை விட்டுப் போகும்போது, அக்குறிப்பேட்டைக் கீழ்வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.