அணுவுக்குள் ஒரு நிறுவைக் கணக்கு



பால் மரம் வெட்டிய காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குத் தூக்கி வந்து நிறுப்பார்கள். நிறுத்தால் மட்டும் போதாது. அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கிராணி கணக்கில் எழுதுவார். அப்போது, "ஐயா, கணக்குக் குறைகிறதே" என்று வாய் திறந்து கேட்கக் கூடியவர் யார்? தம் நிரையில் எத்தனை மரம், எந்த மரம் எவ்வளவு தரும், நேற்று மழையா வெயிலா என்பதையெல்லாம் தாமே மனத்தில் கணக்கிட்டு வைத்திருந்தவர்தான். "சுமார் இருபது கிலோ இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்பவருக்கு ஒரு கிலோ குறைந்தது தெரியவே தெரியாது.

அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராய்கின்ற விஞ்ஞானிகளுக்கும் இதே நிலைமைதான். அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், தரைக்கு அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் ஒரு வட்டச் சுரங்கம் இருக்கிறது. அதன் சுற்றளவு 27 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 'செர்ன்' என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையம் அதில் புரோட்டான் என்ற துகள்களை இரு திசைகளிலிருந்தும் ஓடவிட்டு, நேருக்கு நேர் மோத வைக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகம்! மோதலில் புதிய துகள்கள் பிறக்கின்றன. பிறந்த கணத்திலேயே சிதைந்தும் போகின்றன. 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் அப்படிக் கிடைத்ததுதான். நூறு கோடிக்கும் மேற்பட்ட மோதல்களில் ஒன்றில்தான் அது தலைகாட்டும்.

சரி, இத்தனை மோதலில் இத்தனை ஹிக்ஸ் கிடைத்தது என்று எண்ணிவிட்டார்கள். அது சரியான எண்ணிக்கைதானா? கூடுதலா, குறைவா? முன்கூட்டியே ஒருவர் தாளில் கணக்கிட்டு வைத்திருந்தால் ஒழிய யாராலும் சொல்ல முடியாது. கருவி கட்டுவோர் ஒரு பக்கம் இருக்க, இந்தக் கணக்குப் போடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். பத்திரிகையில் படம் வருவதென்னவோ கருவிக்குத்தான்.

கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? கிள்ளானில் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் வருவதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் ஆகும்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஒரு விடை வரும். அது முதற்படி. ஆனால் ரயில் ஷா ஆலமில் நிற்கும், சுபாங் ஜெயாவில் நிற்கும், அங்காசாபுரியிலும் நிற்கும். அந்த நேரத்தைச் சேர்த்தால் விடை நிறைய மாறிவிடும். இது இரண்டாம் படி. ஒவ்வொரு நிலையத்திலும் வேகம் குறைத்துக் கூட்டுவதைச் சேர்த்தால் மூன்றாம் படி. படி ஏற ஏறத் திருத்தம் சிறிதாகும், உழைப்போ பெரிதாகும்.

புரோட்டானுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டி வைத்திருப்பவை குளுவான்கள். மோதும்போது இவை ஒன்றையொன்று தள்ளி, இழுத்து, இன்னொரு குளுவானை உமிழ்ந்து, மீண்டும் விழுங்கி, ஆயிரம் வழிகளில் நடந்துகொள்ளும். அந்த ஒவ்வொரு வழிக்கும் ஒரு கோட்டுப்படம் வரைந்து கணக்கிடும் முறையை ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற அமெரிக்கர் 1940-களின் இறுதியில் வகுத்தார். முதற்படியில் படங்கள் சொற்பம். மேற்படிகளில் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். கணினி இல்லாமல் நடக்காது.

ஹிக்ஸ் கணக்கையே பாருங்கள். இரண்டாம் படியைச் சேர்த்ததும் விடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது! முதற்படியோடு நின்றிருந்தால், கருவியில் வந்ததைக் கண்டு ஏதோ அதிசயம் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் படியை 2002, 2003-ஆம் ஆண்டுகளில் மூன்று குழுவினர் தனித்தனியே போட்டு ஒரே விடைக்கு வந்தார்கள். அதில் ஒரு குழுவில் வி. ரவீந்திரன் இருந்தார், அவரோடு ஸ்மித், வான் நீர்வன் என்ற இருவர். நான்காம் படி 2015-இல் வேறொரு குழுவால் முடிந்தது. அது விடையை நூற்றுக்கு மூன்று அளவில்தான் நகர்த்தியது.

ரவீந்திரன் பின்னர் பணியாற்றிய இடம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம். அதன் பிறப்பே ஒரு கதை. அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பேராசிரியர் சென்னையில் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி வைத்துப் புதிய இயற்பியலைப் பேசி வந்தார். 1960-இல் அங்கு வந்த நீல்ஸ் போர் என்ற மேதை அந்த இளைஞர்களைப் பாராட்டினார். அந்தப் பாராட்டும் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் சேர, 1962-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் நிறுவனம் உருவாயிற்று. வீட்டில் தொடங்கினாலும் கணக்கு கணக்குத்தான்.

தோட்டப் பள்ளியில் நாங்கள் தசமம் சொல்லிக் கொடுக்கும்போது, "புள்ளிக்குப் பின்னால் எதற்கு சார் இத்தனை எண்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அண்மையில் நடந்திருக்கிறது.

டபிள்யூ என்றொரு துகள். புரோட்டானைப்போல் ஏறத்தாழ 86 மடங்கு எடை. துகள்களை நிறுக்கும் அளவையில் அதன் எடை 80,357 ஆக இருக்க வேண்டும், ஆறு முன்பின் ஆகலாம் என்பது கோட்பாட்டின் கணக்கு. அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே ஒரு மோதல் கருவி 2011 வரை ஓடியது. அதில் சேர்ந்த விவரங்களை ஆண்டுக்கணக்கில் அலசிய சி.டி.எஃப். குழு, 2022 ஏப்ரலில் 80,433 என்று அறிவித்தது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 50 கிலோ அரிசி மூட்டையில் 50 கிராம். ஆனால் கணக்கு அத்தனை நுட்பமாக இருந்ததால் அந்த 50 கிராம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நாம் அறியாத புதிய துகள் ஏதோ தராசை அழுத்துகிறதா என்று நூற்றுக்கணக்கானோர் கட்டுரை எழுதினார்கள்.

ஜெனீவாவில் உள்ள சி.எம்.எஸ். குழு மீண்டும் நிறுத்துப் பார்த்தது. டபிள்யூ சிதையும்போது பிறக்கும் இரண்டில் ஒன்று, நியூட்ரினோ, கருவியில் சிக்காமலேயே ஓடிவிடும். எனவே நேராக நிறுக்க வழியில்லை. மற்றதான மியூவான் எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போயிற்று என்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பார்த்து, "எடை இவ்வளவானால் இப்படித்தான் சிதறும்" என்று கணக்கு சொல்லும் வடிவத்தோடு பொருத்த வேண்டும். ஆக, நிறுக்கும் தராசுக்குள்ளேயே கணக்கும் ஒரு பாகம். 2024 செப்டம்பரில் விடை வந்தது: 80,360, பத்து முன்பின். கோட்பாட்டின் கணக்கோடு அழகாகப் பொருந்தியது. அமெரிக்க நிறுவை ஏன் விலகியது என்பது இன்னும் விளங்கவில்லை. அந்தக் குழுவினர் அலட்சியக்காரர்களும் அல்லர்.

அந்த சி.எம்.எஸ். குழுவில் நம் நாடும் இருக்கிறது, நேயர்களே. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் வழியாகப் போனால் சற்றுத் தூரத்தில் வரும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசியத் துகள் இயற்பியல் மையம் அதன் உறுப்பினர். ஆறாம் படிவத்தில் கணிதமும் இயற்பியலும் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், ஒருநாள் அந்த வளாகத்தைக் கூட்டிப் போய்க் காட்டலாம். பஸ் கட்டணம்தான் செலவு.

ஜெனீவாக் கருவி 2030-ஆம் ஆண்டு வாக்கில் புது வடிவில் ஓடத் தொடங்கும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். இப்போதைவிடப் பல மடங்கு மோதல்கள் சேரும். ஹிக்ஸ் பிறக்கும் கணக்கிலோ நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இன்றும் ஐயம் மீதி இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டிய வேலை தாளும் கணினியும் வைத்திருப்பவர்களிடம் காத்துக் கிடக்கிறது.