ஓட வேண்டியது பந்தா, ஆடுபவனா?

பிற்பகல் வெயில் பனை வட்டுகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும் வேளையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலை மைதானங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். உதைபந்தாட்ட அணி பயிற்சிக்கு இறங்கியிருக்கும். வேலியோரத்தில் பழைய மாணவர் சிலர் சைக்கிளில் சாய்ந்தபடி நின்று பார்த்திருப்பர். ஒரு மாணவன் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓரக்கோட்டை அணைத்து ஓடுவான். ஒருவரைக் கடப்பான், இருவரைக் கடப்பான், மூன்றாமவரிடம் பந்தை இழப்பான். வேலியோரத்தில் நிற்பவர்கள் இரண்டாகப் பிரிவர். “என்ன அழகான ஓட்டம்!” என்பார் ஒருவர். “பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்திருந்தால் கோல் அல்லவா?” என்பார் மற்றவர்.

இவ்விருவருக்குமிடையிலான வழக்கு சிறியதன்று. எங்கள் கல்லூரி அணிகள் பந்தோடு ஓடுவதையே முதன்மையாகக் கொண்ட தாக்குதல் முறையைத் தொடர வேண்டுமா, அல்லது அதனை எளிமையாக்க வேண்டுமா என்பதே வினா. வெற்றி தோல்வியோடு மட்டும் முடிந்துவிடாத வினா இது. ஓர் அணியில் பதினொருவர் ஆடுகின்றனரா, இருவர் ஆட ஒன்பது பேர் பார்க்கின்றனரா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

பந்தோடு ஓடும் ஆட்டம் எங்கள் மண்ணில் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. கிளித்தட்டு ஆடி வளர்ந்த மண் இது. தாச்சி என்றும் வழங்கும் அந்த விளையாட்டில் கோட்டுக்குக் கோடு ஒருவர் மறித்து நிற்க, ஆடுபவர் உடலை ஒருபுறம் காட்டி மறுபுறம் பாய்ந்து தப்ப வேண்டும். போக்குக் காட்டும் வித்தை அங்கே பிள்ளைக்குத் தானாக வாய்க்கிறது. ஒடுங்கிய ஒழுங்கையிலும் வெறும் வளவிலும் நாலைந்து பேராகப் பந்தாடும் சிறுவனுக்கும் பந்தைக் காலுக்குள் வைத்துக் காப்பதே முதற் பாடமாகிறது. பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களின் கழகங்களும், புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி போன்ற பாடசாலைகளும் உதைபந்தாட்டத்தில் பெற்ற புகழுக்குப் பின்னால் இவ்வகைக் கால்வன்மையும் இருக்கிறது. அதனை இகழ்ந்து பேசுவது அறிவுடைமையாகாது.

ஆயினும், கிளித்தட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கிளித்தட்டில் ஆளே கோட்டைக் கடக்க வேண்டும். உதைபந்தாட்டத்தில் பந்து கடந்தாற் போதும். முப்பது மீற்றர் தூரத்தைப் பந்தோடு கடக்கும் மாணவன் நொடிக்கு ஆறு மீற்றர் வீதம் ஓடினாலும் ஐந்து நொடி ஆகும். அதே தூரத்தை நன்றாக உதைத்த பந்து அதிற் பாதி நேரத்தில் கடந்துவிடும். அந்த ஐந்து நொடிக்குள் எதிரணியின் காவலர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பி வந்து நிலைகொண்டு விடுவர். ஓட்டம் எவ்வளவு அழகாயிருந்தாலும், அது எதிரிக்கு அவகாசத்தைக் கொடுத்துவிடுகிறது.

இந்த உண்மையை உலகம் கண்டுகொண்டது இன்று நேற்றன்று. 1872 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் முதலாவது சர்வதேச உதைபந்தாட்டத்தை ஆடின. அக்காலத்து ஆங்கிலேயர் ஒருவர் பந்தோடு ஓட, மற்றவர் அவர் பின்னே தொடர்வதையே தாக்குதலாகக் கொண்டிருந்தனர். ஸ்கொத்லாந்தினர் உடலிலே மெலிந்தவர்கள். ஆதலின் ஒருவர்க்கொருவர் பந்தை மாற்றிக் கொடுத்து ஆடினர். அன்றைய ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. ஆனால் 1873 முதல் 1882 வரை அவ்விரு நாடுகளும் ஆடிய 10 ஆட்டங்களில் ஸ்கொத்லாந்து 7 இல் வென்றது. இங்கிலாந்து வென்றவை 2 மட்டுமே. பின்னர் ஆங்கிலேயரும் அம்முறையைக் கற்றுக்கொண்டனர். தனியொருவர் ஓட்டத்தைப் பலர் கூடிய ஆட்டம் வென்ற கதை அது.

எங்கள் தோட்டக்காரருக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுபவர் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஓடுவதில்லை. வாய்க்காலைச் சரியாக வெட்டி, வேண்டிய இடத்தில் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தியை அடைத்து மறு பாத்தியைத் திறக்கிறார். ஓடுவது தண்ணீர், இடமறிந்து நிற்பது மனிதர். நல்ல அணியும் இவ்வாறே வாய்க்கால் வெட்டுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கையும் பார்க்கலாம். ஆட்டம் 90 நிமிடம் நடைபெறுகிறது. பந்து வெளியே போவதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதுமாகிய நேரம் கழிந்தால், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அதனை 22 பேருக்குப் பங்கிட்டால் ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. எஞ்சிய நேரமெல்லாம் அவர் பந்தின்றியே மைதானத்தில் இருக்கிறார். அப்படியாயின், பயிற்சியின் பெரும்பகுதியை அந்த மூன்று நிமிடத்து ஓட்டத்துக்கே செலவிடுவது எவ்வாறு பொருந்தும்? பந்தில்லாதபோது எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது, எங்கே நில்லாதிருப்பது என்பனவே பெரிய பாடங்கள். ஆகவே எளிமையாக்குதல் என்பது ஓட்டத்தைக் குறைப்பதன்று. ஓட்டத்தைப் பந்துள்ள காலிலிருந்து பந்தில்லாத கால்களுக்கு மாற்றுவதாகும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டத்தைப் பார்த்து, அவற்றின் தாக்குதல் அமைப்புகளை அப்படியே பாடசாலை அணிக்குப் புகட்ட ஆசைப்படுகிறார்கள். வலப்புறத்தவர் இடப்புறம் மாறுவதும், நடுவிலுள்ளவர் ஓரத்துக்கு இழுத்துச் செல்வதும், பின்னிருந்தவர் அந்த வெளியில் ஓடி நுழைவதுமாகப் பத்துப் பன்னிரண்டு ஏற்பாடுகள். அக்கழகங்களின் வீரர்கள் நாள்தோறும் அதுவே தொழிலாகப் பயில்பவர்கள். பாடசாலை மாணவனோ பாடம், தனியார் வகுப்பு, பரீட்சை ஆகியவற்றுக்கிடையே வாரத்தில் சில மாலைகளை மட்டுமே மைதானத்துக்குக் கொடுக்கக்கூடியவன். மேலும் பாடசாலை அணி நிலையானதன்று. வயதுப் பிரிவு கடந்தும், உயர்தரப் பரீட்சை எழுதியும் ஆண்டுதோறும் சிலர் விலகுவர், புதியவர் சேர்வர். கற்றுத் தேற மூன்று ஆண்டுகள் வேண்டும் முறையை, மூன்று ஆண்டுகள் ஒன்றாக இருக்காத அணிக்குக் கற்பிப்பது மணலில் எழுதுவதை ஒக்கும்.

எங்கள் பாடசாலைகளுக்கு இது அனுபவமும் கூட. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் பல தம் கட்டடங்களையும் மைதானங்களையும் இழந்து ஆண்டுக்கணக்கில் வேறிடங்களில் இயங்கின. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அண்ணன் தம்பிக்குக் கைமாற்றும் ஆட்டப் பழக்கங்கள் அறுந்து போயின. அத்தகைய முறிவுகளுக்குப் பின்னும் மீண்டெழுந்து, தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்றிருப்பது இப்பகுதிக்குப் பெருமை. விரைவிற் கற்கக்கூடியதும், கற்றபின் இளையவருக்கு எளிதிற் கைமாற்றக்கூடியதுமான ஆட்டமே இத்தகைய மண்ணுக்கு ஏற்றது.

எளிமைக்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது, எளிய ஆட்டத்தை எதிரணி விரைவில் அறிந்துகொள்ளும் என்பது. இரண்டாவது, தனித்திறன் மழுங்கிவிடும் என்பது. இரண்டுக்கும் விடையாக அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரின் வரலாறு இருக்கிறது.

ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியவர். 1950 முதல் 1963 இல் மறையும் வரை இந்திய உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தார். அவர் காலத்தில் இந்தியா 1951 இல் புதுதில்லியிலும் 1962 இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அரையிறுதிக்கு முன்னேறி நான்காம் இடத்தைப் பெற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசிய நாடொன்று அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை. பந்தோடு ஓடுதலையே தடைசெய்த பயிற்சிப் போட்டிகளை அவர் நடத்தினார் என்பது இங்கு கருதத்தக்கது. பந்து வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். வைத்துக்கொண்டு ஓடுதல் ஆகாது.

அதனால் தனித்திறன் அழிந்ததா? அவர் அணியில்தான் சுனி கோஸ்வாமி பந்தைக் காலில் வைத்து எதிரிகளை ஏமாற்றும் கலையில் பெயர் பெற்றார். அந்த அணியில்தான் பி. கே. பானர்ஜி ஓரத்தால் பாய்ந்தார். கொடுக்கத் தெரிந்தவனின் ஓட்டமே எதிரிக்கு அச்சத்தைத் தரும். ஏனெனில் அவன் கொடுப்பானா ஓடுவானா என்பது எதிரிக்குத் தெரியாது. எப்போதும் ஓடுபவனையோ எவரும் எளிதில் மறித்துவிடலாம். எளிய ஆட்டம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்போர், ஓட்டமே ஆட்டமாயிருப்பதுதான் முதலில் தெரிந்துவிடும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1962 ஜகார்த்தாவில் இந்திய அணி தென்கொரியாவிடம் முதலாட்டத்தில் 0-2 எனத் தோற்றது. இறுதியாட்டத்திலும் அதே தென்கொரியாவே எதிர்நின்றது. பின்காவலரான ஜர்னயில் சிங் தலையிற் காயம்பட்டிருந்தார். ரஹீம் புதிய சூழ்ச்சிகள் பலவற்றை வகுக்கவில்லை. காயம்பட்ட காவலரை முன்வரிசையில் நிறுத்தினார். பானர்ஜி ஒரு கோலும் ஜர்னயில் சிங் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2-1 என வென்றது. எல்லாரும் அடிப்படையை அறிந்திருந்த அணியில் ஒரே ஒரு மாற்றம் போதுமானதாயிற்று.

அவ்வாறெனில் எங்கள் கல்லூரி அணிகள் செய்யத்தக்கது யாது? தாக்குதல் ஏற்பாடுகளை மூன்றாகச் சுருக்கலாம்: நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொடுத்தல், ஓரத்திலிருந்து கோல் வாயிலுக்குக் கொடுத்தல், கொடுத்தவர் நில்லாது அடுத்த வெளிக்கு ஓடுதல். சொந்தப் பாதியில் எவரும் பந்தோடு நெடுந்தூரம் ஓடலாகாது. எதிரணியின் கோலுக்கு அண்மையில், எதிரே ஒருவர் மட்டும் நிற்கும்போது, துணிந்து ஓடலாம். பயிற்சியில் ஒரு பங்கு நேரத்தை ரஹீம் செய்ததுபோல் ஓட்டமில்லா ஆட்டத்துக்கு ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சித்திரை வைகாசி வெயிலில், காய்ந்து இறுகிய தரையில் ஆடும் பிள்ளைகளின் மூச்சும் இதனால் மிஞ்சும். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த மூச்சே கோலாகும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வோர் அணியிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. அது விரைந்து ஓடாது. எவரையும் ஏமாற்றிக் கடக்காது. ஆனால் நிமிர்ந்து பார்க்கும். யார் எங்கே நிற்கிறார் என்பதை அறியும். ஓட்டமே ஆட்டமாகிய அணியில் அப்பிள்ளைக்குப் பந்து வருவதில்லை. சிறிது காலத்தில் அது மைதானத்துக்கும் வருவதில்லை. கொடுத்து ஆடும் அணியிலோ அப்பிள்ளையே நடுநாயகமாகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பந்தாடியவர்கள் இன்று தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில், அடித்த கோல்களைவிடப் பந்தைக் கொடுத்த தோழரின் பெயரே பெரும்பாலும் முதலில் வருகிறது.

வேலியோரத்தில் நின்ற அந்த இருவரின் வழக்குக்கும் இதுவே தீர்ப்பு. ஓட்டம் அழகானதே; அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடியவன் தலை நிமிர்ந்து பக்கத்தில் நின்றவனைக் கண்டிருந்தால், அவ்வழகு இருவருக்கும் உரியதாகியிருக்கும். நாளை மாலை மணி அடித்தபின் எந்த மைதானத்திலேனும் ஒரு பயிற்றுநர், “முதலில் கொடு, பிறகு ஓடு” என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்வாரானால், ஓரமாய் நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒருமுறை பந்து வந்து சேரும்.