உறைந்த தேன் கெட்ட தேனா?

கோவை கொடிசியா வளாகத்தில் வேளாண் கண்காட்சி நடக்கும்போது, டிராக்டர்களைப் பார்த்த கையோடு உணவுக் கடைகள் பக்கமும் போங்க. சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர், தாளவாடி மலைகளில் ஊராளி, சோளகர் பழங்குடி மக்கள் விளைவிக்கிற ராகியும் எடுக்கிற காட்டுத்தேனும் கிடைக்குதா என்று கேளுங்க.

தேன் அடியில் வெள்ளையாக உறைந்திருந்தால் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்காதீங்க. தேனிலுள்ள குளுக்கோஸ் தானாகவே மணிமணியாக உறையும். அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் காய்ச்சினால் மணம் போய்விடும். அதே கடைகளில் சாமை வாங்கினால், வெளுத்ததை விட்டுவிட்டு, தவிடு நீங்காமல் மங்கலாக இருப்பதை எடுங்க. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளும் நம்ம பக்கத்துச் சரக்குதான். விளைவித்தவரே கடையில் நின்றால், பேரம் பேசாமல் வாங்குங்க.