பற்றும் கையும் விடும் கையும்



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே சிறிது தொலைவு நடந்தால் ஆரியசாலை வரும். மலையாளமும் தமிழும் ஒன்றாகக் கலந்து காதில் விழும் இடம் அது. வாணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலையிலிருந்து எழுந்தருளும் குமாரசுவாமி தங்குவதும் ஆரியசாலைக் கோயிலில்தான். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வேளிமலை சென்னை மாநிலத்தின் பகுதியாகி எல்லை மாறிய பின்னரும், சுவாமியின் இந்த யாத்திரை நின்றுவிடவில்லை.

அத்தகைய ஒரு நவராத்திரிக் கூட்டத்தில் நான் கண்ட சிறு நிகழ்ச்சியே இன்றைய பேச்சுக்குக் காரணம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத இளந்தாய் ஒருத்தி, ஏழெட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற மலையாள அம்மையாரின் மல்லிகை சூடிய பின்னலைக் குழந்தை எட்டிப் பற்றிவிட்டது. பதறிப்போன தாய் அந்தப் பிஞ்சுக் கையில் ஓர் அடி வைத்துப் பின்னுக்கு இழுத்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. ஆனால் பிடி தளரவில்லை, முன்னிலும் இறுகியது. அம்மையாரோ சினம் கொள்ளவில்லை. குழந்தையின் முட்டியைத் தம் தலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “பய்யெ, பய்யெ” என்று சொல்லியவாறே சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விடுவித்தார். அந்தத் தாய் தலை குனிந்து நின்றாள். அவளது நாணத்தையும் தனிமையையும், ஊரைவிட்டு வந்து பிள்ளை வளர்க்கும் எவரும் அறிவர்.

குழந்தை செய்தது குறும்பா? இல்லை. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் அது தானாகவே இறுகப் பற்றிக்கொள்ளும். குரங்குக் குட்டி தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு மரத்துக்கு மரம் செல்வதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? மனிதக் குழந்தையின் பிடியும் அப்படி இயற்கை தந்த ஒன்றே. ஐந்தாறு மாதத்தில் அத்தானியங்கிப் பிடி மறைகிறது. நான்கைந்து மாதம் முதற்கொண்டே தான் விரும்பிய பொருளை எட்டிப் பிடிக்கவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆனால் பிடித்ததை வேண்டும்போது விடுகின்ற ஆற்றல் ஏறக்குறைய ஒன்பது, பத்தாம் மாதத்தில்தான் வரத் தொடங்குகிறது. பற்றுதல் முன்னே வருகிறது. விடுதல் பின்னே வருகிறது. ஆகவே ஆறு மாதக் குழந்தையைப் பார்த்து “விடு, விடு” என்று அதட்டுவது, நடக்கத் தெரியாத பிள்ளையை “ஓடு” என்று அதட்டுவதைப் போன்றதே.

“நீயும் ஒரு தரம் அதன் முடியை இழுத்துக் காட்டு, அப்போதுதான் வலி தெரியும்” என்று கூறுவோர் உண்டு. தனக்கு வலிப்பது போலவே அம்மாவுக்கும் வலிக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு அந்த வயதில் இல்லை. தன்னைத் தாங்கும் கையே தன்னை நோகச் செய்கிறது என்பது மட்டுமே அதற்குப் புலப்படும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? குழந்தை முடியைப் பற்றியதும் அதன் கையை உங்கள் தலையோடு சேர்த்துப் பிடியுங்கள். முடி தளரும், வலி குறையும். பின்பு விரல்களை மெல்லப் பிரியுங்கள். கூச்சலிட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். இழுத்தவுடன் அம்மாவின் முகம் மாறுவதும் குரல் எழுவதும் குழந்தைக்குச் சுவையான விளையாட்டாகிவிடும், மறுபடியும் இழுக்கும். விடுவித்த கையை விரித்துப் பிடித்து, உங்கள் தலையை மெதுவாகத் தடவச் செய்து, ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். அது தானாகத் தடவினால் முகம் மலர்ந்து பாராட்டுங்கள். பற்றுவதற்கு ஒரு கிலுகிலுப்பையோ துணித்துண்டோ கொடுங்கள். மீண்டும் மீண்டும் இழுத்தால், சினமின்றிச் சிறிது நேரம் பாயில் இறக்கி விடுங்கள். ஒரு நாளில் இது கைகூடாது; சில வாரங்கள் ஆகலாம். அதுவரை கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்வது நல்லது.

ஓராண்டு கடந்த பிள்ளை கோபத்தால் மற்றொரு பிள்ளையின் முடியை இழுப்பதுண்டு. அப்போது முதலில் அழும் பிள்ளையைத் தேற்றுங்கள். பிறகு இழுத்த பிள்ளையின் கையைத் தடுத்து, “பொம்மை வேண்டுமா? ‘தா’ என்று கேள்” என்று அதற்கு ஒரு சொல்லைக் கொடுங்கள். சொல் வாய்த்தால் கை ஓயும்.

இங்கே மற்றோர் எச்சரிக்கை. மகப்பேற்றுக்குப் பின் மூன்றாம் மாதம் அளவில் தாய்க்கு முடி உதிர்வது இயல்பு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதனால் உதிர்கிறது என்பது வெறும் நம்பிக்கையே. ஆனால் உதிர்ந்த முடியிழை குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக் கூடும். காரணம் தெரியாமல் குழந்தை விடாது அழுதால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, இழையை உடனே அகற்ற இயலாவிட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நம் பிள்ளைத்தமிழ் மரபு குழந்தையின் ஒன்பதாம் மாதத்திற்கு வைத்த பெயர் சப்பாணிப் பருவம். கைகொட்டி விளையாடும் பருவம். முட்டியை விரித்தாலன்றிக் கைகொட்ட இயலாது. விரல்கள் விடக் கற்கும் அதே பருவத்தில் கைகொட்டக் கற்பித்தார்கள் நம் முன்னோர். மூடிய கையைத் தண்டிக்காமல் விரிந்த கையைப் பழக்குவதே முறை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வெளி மாநிலத்தில் வாழும் உங்கள் வீட்டில் பாட்டி இல்லாதிருக்கலாம். அண்டை வீட்டாரின் மொழி வேறாக இருக்கலாம். குழந்தையைத் தூக்குவோர் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மையார் சொன்ன “பய்யெ” என்பது, திருநெல்வேலிப் பாட்டிமார் சொல்லும் நம் “பைய” அன்றோ? அன்று தலை குனிந்து நின்ற அந்தத் தாய், அச்சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டுச் சொல்லை அயலார் வாயில் கேட்ட வியப்பு அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு அவளும் குழந்தையின் கையை விரித்து, “பைய, பைய” என்று தன் கன்னத்தைத் தடவச் செய்தாள். குழந்தையின் அழுகை அடங்கிற்று.